மூன்று தாள்களில் ஒரு பள்ளத்தாக்கு: காப்பகப் படங்களைத் திசை பார்த்துச் சேர்த்த அனுபவம்

கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பில் பாயின்ட் சப்லைம் என்று ஒரு முனை இருக்கிறது. அங்கிருந்து தெரியும் காட்சியை ஓவியர் வில்லியம் ஹென்றி ஹோம்ஸ் வரைந்தார். அது 1882இல் கிழக்கு நோக்கி ஒன்று, தெற்கு நோக்கி ஒன்று, மேற்கு நோக்கி ஒன்று என மூன்று பெரிய தாள்களாக அச்சாகி வந்தது. இந்த மூன்றையும் ஆய்வு நூலகங்களின் டிஜிட்டல் காப்பகங்களிலிருந்து எடுத்து, பக்கத்தில் பக்கம் சேர்த்து, எந்த மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லும் அளவுகோலைக் கீழே ஓட்டினேன். இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் மூலத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1879இல் தொடங்கியது. அதன் இரண்டாவது ஆய்வுநூல், நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் கிராண்ட் கேன்யன் பகுதியைப் பற்றி எழுதியது. அதோடு தனியாக ஒரு பெரிய அட்லஸும் வந்தது. நியூயார்க்கில் ஜூலியஸ் பியனின் அச்சகத்தில் கல்லச்சில் அடித்தது. ஹோம்ஸ் 1880இல் டட்டனோடு களத்துக்குப் போய் வரைந்தவை அதில் இருக்கின்றன. முன்பக்கப் பாறையில் இரண்டு மனித உருவங்கள்கூட உண்டு. ஒருவர் வரைந்துகொண்டிருக்க, இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த உருவங்களைப் பார்த்த பிறகுதான் எதிரே இருக்கும் பள்ளத்தின் அளவு மனதுக்குள் இறங்குகிறது.

இவ்வளவு பரந்த நிலம் நூலகத்துக்குள் வரும்போது தாளின் அளவுக்கு வெட்டுப்படுகிறது. பட்டியலில் ஏறும்போது மூன்று தனிப் பதிவுகளாகிறது. திரையில் வரும்போது இன்னும் சுருங்கிப்போகிறது. அகலம்தான் இந்தப் படத்தின் உயிர். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஆனால் எங்கே வெட்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. முழு வேலையையும் இந்த எண்ணத்தை வைத்துத்தான் செய்தேன்.

தேடுவது எளிது என்று நினைப்போம். ஆனால் அட்லஸின் பெயரைப் போட்டால் முழுப் புத்தகத்துக்கும் ஒரே பதிவு வரும். தாள்கள் அதற்குள் எங்கோ இருக்கும். சில காப்பகங்களில் ஒவ்வொரு தாளுக்கும் தனிப் பதிவு உண்டு. அந்தக் காலத் தலைப்புகளில் கேன்யன் என்ற சொல் ஸ்பானிய எழுத்துமுறையில் இருக்கும், தேடுபொறி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. அதனால் இடத்தின் பெயர், வரைந்தவர் பெயர், அச்சகத்தின் பெயர் மூன்றையும் தனித்தனியாகப் போட்டுத் தேடினேன். அச்சகத்தின் பெயரைப் போட்டதில்தான் நல்ல பலன் கிடைத்தது. ஊர்ப்பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன: பள்ளத்தாக்குக்குள் இருக்கும் ஹவசுபாய் கார்டன்ஸ் 2022 வரை வேறு பெயரில் இருந்தது. பழைய படங்களின் பதிவுகளைத் தேடப் பழைய பெயரும், புதிய பதிவுகளுக்குப் புதிய பெயரும் வேண்டும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பு, வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் போன்ற இடங்களில் இத்தகைய அட்லஸ்களை மிகப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். 1882இல் அமெரிக்க அரசு வெளியிட்ட படத்துக்கு இப்போது காப்புரிமை இல்லை. ஆனால் ஸ்கேன் கோப்பைக் கொடுக்கும் காப்பகம் தனியாக நிபந்தனை வைத்திருக்கலாம். எடுக்கும் முன் அந்தப் பத்தியை முழுசாகப் படித்துவிட்டு, அதையும் ஒரு உரைக்கோப்பில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். பிற்பாடு தேடினால் அந்தப் பக்கம் அதே இடத்தில் இருக்காது.

பெரிய நூலகங்கள் பல இப்போது ஐஐஐஎஃப் என்ற பொதுமுறையில் படங்களைத் தருகின்றன. இதில் படத்தின் முகவரியிலேயே எந்தப் பகுதி வேண்டும், எந்த அளவில், எத்தனை டிகிரி திருப்பி, என்ன வடிவத்தில் என்று வரிசையாக எழுதிவிடலாம். அதே முகவரியின் கடைசியில் தகவல் கோப்பைக் கேட்டால், முழுப் படத்தின் அகலமும் உயரமும் பிக்சலில் வந்துவிடும். இதை முதலில் பார்த்துவிட வேண்டும். பதிவிறக்கப் பொத்தான் தரும் கோப்பு முழு அளவுதானா, சுருக்கியதா என்று இந்த எண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். முழு அளவை ஒரே தடவையில் தர மறுத்தால், டைல் டைலாக, அதாவது சின்னச் சின்னத் துண்டுகளாகக் கேட்டு வாங்கிச் சேர்க்கலாம். ஒவ்வொரு கேட்புக்கும் நடுவே இடைவெளி விட்டு மெதுவாக எடுங்கள். அந்த நூலகத்தின் சர்வரை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

எண்பது சென்டிமீட்டர் அகலமும் ஐம்பது சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு தாளை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று ஸ்கேன் செய்தால், ஐந்தரைக் கோடி பிக்சலுக்கு மேல் வரும். சுருக்காமல் வைத்தால் 160 மெகாபைட்டுக்கும் அதிகம். மூன்று தாள், அதற்கு மேல் வேலைக்கான நகல்கள் என்று இடம் சீக்கிரம் நிரம்பும். எடுத்த மூலக் கோப்புகளை ஒரு தனி அடைவில் போட்டு, எழுத முடியாதபடி பூட்டி, ஒவ்வொன்றுக்கும் செக்சம் (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) எடுத்து வைத்தேன். பக்கத்திலேயே நூலக எண், நிரந்தர இணைப்பு, எடுத்த தேதி. ஆறு மாதம் கழித்து இந்தக் கோப்பு எந்த நூலகத்தின் பிரதி என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

இனி சேர்க்கும் வேலை. பனோரமா ஒட்டும் மென்பொருள்கள், ஹியூகின் உட்பட, இரண்டு படத்திலும் பொதுவாக இருக்கும் புள்ளிகளைத் தேடித்தான் ஒட்டுகின்றன. புகைப்படம் எடுப்பவர்கள் இதற்காகவே மூன்றில் ஒரு பங்கு ஒன்றின் மேல் ஒன்று விழும்படி எடுப்பார்கள். அச்சுத் தாள்கள் அப்படி இல்லை. ஒரு தாள் முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. பொதுப்பகுதி இல்லாதபோது மென்பொருளுக்குப் பிடிமானம் கிடையாது. கையால்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் ஒவ்வொரு தாளிலும் படத்தைச் சுற்றியுள்ள கட்டக்கோட்டின் நான்கு மூலைகளைக் குறித்து, சாய்வையும் இழுப்பையும் சரி செய்தேன். காகிதம் ஈரப்பதத்தில் விரிந்து சுருங்கும், புத்தகக் கட்டின் மடிப்பில் கொஞ்சம் வளையும். நான்கு மூலைகள் போதாது என்றால் கட்டக்கோட்டின் நடுவிலும் புள்ளிகள் வைக்கலாம். ஓரத்தை வெட்டிய நகல் ஒன்று, வெட்டாத நகல் ஒன்று என இரண்டும் வைத்துக்கொண்டேன். தலைப்பு, தாள் எண், அச்சகத்தின் பெயர் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கின்றன. அதை வெட்டி எறிந்துவிட்டால் அந்தப் படம் யாருடையது என்றே தெரியாமல் போகும்.

மேலும் கீழும் பொருத்த அடிவானத்தை மட்டும் நம்பினால் போதாது. அது தாளின் மேல்பகுதியில் மெல்லிய கோடு. கொஞ்சம் சாய்ந்தாலும் கீழே எல்லாம் விலகிவிடும். எனக்குக் கை கொடுத்தது பாறை அடுக்குதான். கிராண்ட் கேன்யனில் ரெட்வால் என்ற சுண்ணாம்புக்கல் அடுக்கு சுமார் 150 மீட்டர் உயரச் சுவராக, வளைவுக்கு வளைவு அறுபடாமல் ஓடுகிறது. உண்மையில் அது சாம்பல் நிறப் பாறை. மேலே இருக்கும் அடுக்குகளிலிருந்து இரும்புச் சத்து வழிந்து சிவப்பாகத் தெரிகிறது. அதற்கும் மேலே வெளிறிய செங்குத்துச் சுவராக ஒரு மணற்கல் அடுக்கு. ஹோம்ஸ் நிலவியல் தெரிந்த ஓவியர், அதனால் எந்த அடுக்கு சுவராக நிற்கும், எது சரிவாக இறங்கும் என்று பார்த்தே வரைந்திருக்கிறார். தாள் மாறும் இடத்தில் ரெட்வாலின் மேல்விளிம்பும் வெளிறிய சுவரின் அடியும் தொடர்ந்து போகிறதா என்று பார்த்தால், அடிவானமும் தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது. பாறையைப் படிக்கத் தெரியாத ஒருவர் வரைந்த படமாக இருந்தால் இந்த முறை கைகொடுக்காது.

நிறம் வேறு விஷயம். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். மூன்று தாளும் தனித்தனியாக அச்சேறியவை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் வெளிச்சத்தையும் காற்றையும் வேறு வேறு அளவில் வாங்கியிருக்கிறது. மூன்றையும் ஒரே நிறமாக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நான் வெறும் காகிதத்தின் நிறத்தை மட்டும் மூன்றிலும் சமமாக்கினேன். படத்துக்குள் கை வைக்கவில்லை. வானத்தின் சாயல் தாளுக்குத் தாள் மாறுகிறதென்றால் அது அந்தப் பிரதியின் வரலாறு. இணைப்புக் கோட்டிலும் அப்படித்தான்: பூசி மறைக்காமல் மெல்லிய இடைவெளி விட்டிருக்கிறேன். பார்க்கிறவருக்கு எங்கே ஒரு தாள் முடிகிறது என்று தெரிய வேண்டும்.

அப்புறம் திசை. இதில்தான் அதிக நேரம் போனது, அதிக மகிழ்ச்சியும் இதில்தான்.

படத்தில் தெரியும் ஒரு சிகரம் வடக்கிலிருந்து எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கணக்கிட உயரத் தரவு வேண்டும். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் சுமார் பத்து மீட்டர் இடைவெளியில் நிலத்தின் உயரத்தைக் கொடுக்கும் தரவை இலவசமாக வைத்திருக்கிறது. அதை க்யூஜிஐஎஸ் மென்பொருளில் போட்டு, பாயின்ட் சப்லைமில் ஒரு புள்ளியை வைத்து, அங்கிருந்து கதிர் கதிராக வெளியே நடக்கும் ஒரு சின்னப் பைதான் நிரல் எழுதினேன். ஒவ்வொரு கதிரிலும் போகப் போக நிலம் கண்மட்டத்துக்கு எத்தனை டிகிரி மேலே அல்லது கீழே தெரிகிறது என்று கணக்கிடும். அதுவரை கண்ட அதிகபட்சக் கோணத்தை ஒரு இடம் தாண்டினால் அது கண்ணுக்குத் தெரியும், இல்லையென்றால் முன்னால் இருப்பது மறைத்துவிடும். மறைந்திருந்து மறுபடியும் வெளியே வரும் இடங்களிலெல்லாம் ஒரு கோடு போட்டால், ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் மேட்டு விளிம்புகள் அப்படியே வரைபடமாக வருகின்றன. அந்தக் கோட்டுப்படத்தையும் ஹோம்ஸின் தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை பல மடங்கு கூடியது.

கதிர்களுக்கு இடையே 0.05 டிகிரி வைத்தேன். பத்து கிலோமீட்டரில் அது சுமார் 9 மீட்டர், தரவின் நுணுக்கத்துக்குச் சரியாகப் பொருந்தும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அது தொண்ணூறு மீட்டர் ஆகிவிடும். மலைச் சிகரத்துக்கு அது போதும்.

பூமியின் வளைவை மட்டும் விட்டுவிடவே கூடாது. தெற்கு அடிவானத்தில் நிற்கும் சான் பிரான்சிஸ்கோ சிகரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உயரமான ஹம்ஃப்ரீஸ் சிகரம் 3,851 மீட்டர். பாயின்ட் சப்லைம் ஏறத்தாழ 2,270 மீட்டர். இரண்டுக்கும் நடுவே சுமார் 107 கிலோமீட்டர். நிலம் தட்டை என்று கணக்குப் போட்டால் சிகரம் கண்மட்டத்துக்கு மேலே 0.85 டிகிரியில் வரும். ஆனால் இந்தத் தூரத்தில் பூமியின் வளைவு கிட்டத்தட்ட 900 மீட்டரை விழுங்கிவிடுகிறது. காற்றில் ஒளி சற்று வளைந்து வருவதால் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்து, இழப்பு 780 மீட்டர் அளவில் நிற்கும். கடைசியில் சிகரம் 0.43 டிகிரியில்தான் தெரியும். ஏறக்குறைய பாதி! இதைச் சேர்க்காமல் ஒப்பிட்டால் ஓவியர் தூரத்து மலைகளைக் குட்டையாக வரைந்துவிட்டார் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் குன்றுகளுக்கு வளைவு எட்டு மீட்டருக்கும் குறைவு, அங்கே கவலையில்லை.

தெற்கே இவ்வளவு தூரம் தெரிவதற்குக் காரணமும் நிலத்தின் அமைப்புதான். வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிடச் சுமார் 300 மீட்டர் உயரம். வடக்கிலிருந்து பார்ப்பவருக்கு எதிர்விளிம்பு மறைக்காது. அதைத் தாண்டி சமவெளி விரிந்துகொண்டே போகும். தெற்கிலிருந்து வடக்கே பார்த்தால் எதிர்விளிம்பே அடிவானமாகிவிடும். டட்டன் இந்த முனையைத் தேர்ந்தெடுத்ததன் அருமை கணக்குப் போட்ட பிறகு எனக்கு நன்றாக விளங்கியது.

நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதும் ஒரு தனி வேலை. முனை என்பது ஒற்றைப் புள்ளி அல்ல, நீளமான பாறை நாக்கு. நூறு மீட்டர் தள்ளி நின்றால், இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் குன்று கிட்டத்தட்ட 3 டிகிரி நகர்ந்துவிடும். 107 கிலோமீட்டரில் இருக்கும் சிகரமோ 0.05 டிகிரிதான் நகரும். ஆகவே தூரத்துச் சிகரங்களை வைத்துத் திசையை நிலைநிறுத்த வேண்டும், கிட்டத்துக் குன்றுகளை வைத்து நின்ற இடத்தைத் தேட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டு தெரியாதவையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். முனையின் மேல் பல புள்ளிகளில் கணக்கை ஓட்டி, கிட்டத்துக் குன்றுகள் ஒன்றையொன்று சரியான அளவுக்கு மறைக்கும் இடத்தை எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் முழுப் படமும் ஒரே சூத்திரத்துக்குள் அடங்காது. கேமரா படம் என்றால் கோணத்துக்கும் பிக்சலுக்கும் இடையே ஒரு விதி இருக்கும்: தட்டையான படத்தில் டேன்ஜென்ட், உருளைப் பனோரமாவில் நேர்விகிதம். இது மனிதன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வரைந்தது. அதனால் அடையாளம் உறுதியான இடங்களை மட்டும் ஆணி அடித்ததுபோல் குறித்து, இரண்டு குறிகளுக்கு இடையே அளவுகோலைச் சமமாகப் பிரித்தேன். வளைத்தது அளவுகோலைத்தான். ஹோம்ஸின் கோடுகளை இழுத்துத் தரவுக்குப் பொருத்துவதை நான் செய்யவில்லை, யாரும் செய்யக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

பெயர்களுக்கு வருவோம். சிவா டெம்பிள், விஷ்ணு டெம்பிள் என்ற பெயர்கள் அமெரிக்கப் பள்ளத்தாக்கின் நடுவே இருப்பது தமிழ் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். டட்டன்தான் வைத்தார். அந்தக் குன்றுகளின் அடுக்கடுக்கான வடிவம் அவருக்குக் கீழைநாட்டுக் கோயில் கட்டடங்களை நினைவூட்டியது. சிவா டெம்பிள் பாயின்ட் சப்லைமுக்குத் தென்கிழக்கில், தட்டையான உச்சியோடு தனியே நிற்கிறது. தனித்துப்போன அந்த உச்சியில் வாழும் விலங்குகள் வேறு விதமாக மாறியிருக்குமா என்று பார்க்க நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1937இல் ஒரு குழுவை ஏற்றியது. இப்படிப்பட்ட செய்திகளை அளவுகோலில் அந்தந்தத் திசைக்கு நேரே குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காப்பகத்தின் பட்டியலில் இந்த நிலம் ஆளற்ற வெளிபோலத் தெரிகிறது. நிலவியல், ஆய்வு, பயணம் என்ற தலைப்புகள்தான். ஆனால் ஹவசுபாய், ஹுவலபாய், தெற்குப் பையூட், ஹோப்பி, நவஹோ மக்களுக்கு இது சொந்த நிலம், ஆய்வாளர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே. என் கோப்பின் மெட்டாடேட்டாவில் (கோப்பைப் பற்றிய விவரக் குறிப்பில்) இந்த மக்களின் பெயர்களையும் தேடுசொல்லாகச் சேர்த்திருக்கிறேன். இதைச் சேர்க்காத காப்பகப் பதிவு முழுமையற்றது என்பது என் உறுதியான கருத்து.

சரிபார்க்க இன்னொரு மூலமும் எடுத்தேன். பிரான்சுவா மத்தேஸ் 1902இல் தொடங்கி இந்தப் பகுதியை அளந்து தயாரித்த பிரைட் ஏஞ்சல் வரைபடம், 1:48,000 அளவில், ஐம்பது அடிக்கு ஒரு சமவுயரக் கோடு. நிலவியல் ஆய்வகத்தின் பழைய வரைபடத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜியோரெஃபரன்ஸ் செய்ய, அதாவது ஸ்கேன் செய்த வரைபடத்தை நிலத்தின் சரியான இடத்தில் பொருத்த, ஆற்றின் வளைவுகளையோ பாறை முனைகளையோ பிடிக்காதீர்கள். அச்சான அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிகளைப் பிடியுங்கள். தின் பிளேட் ஸ்ப்ளைன் என்ற மாற்றுமுறை கவர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் பிழையை எப்போதும் பூஜ்யமாகவே காட்டும். புள்ளியைத் தவறாக வைத்தாலும் அப்படித்தான் காட்டும். படத்தை மொத்தமாக நகர்த்தி, திருப்பி, சீராக இழுக்க மட்டும் செய்யும் முதல்படிப் பல்லுறுப்புக் கோவையில் தொடங்கி, எந்தப் புள்ளி விலகுகிறது என்று பார்த்த பிறகு மற்றதை யோசிக்கலாம். பழைய வரைபடத்தின் ஆயத்தளம் (அட்சரேகை, தீர்க்கரேகைகளை அளக்க அடிப்படையாக வைத்த முறை) இன்றைய ஜிபிஎஸ் ஆயத்தளத்திலிருந்து பல பத்து மீட்டர் விலகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பார்வைக்கு வைப்பதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு அகலமான படம் திரையில் மெல்லிய நாடா ஆகிவிடும். முழுசைப் பார்த்தால் நுணுக்கம் தெரியாது, நுணுக்கத்துக்குப் போனால் முழுசு போய்விடும். படத்தைப் பல அளவுகளில் டைல்களாக வெட்டி பெரிய படங்களை உலாவியில் பெரிதாக்கிப் பார்க்க உதவும் ஓப்பன்சீட்ராகன் நிரலில் போட்டேன். கீழே திசை அளவுகோல் படத்தோடு சேர்ந்தே நகரும், எனவே எவ்வளவு உள்ளே போனாலும் இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று தெரியும். கூடவே முழு அளவில் காகிதத்திலும் ஒரு பிரதி அச்சடித்தேன். நின்று பார்த்து, நடந்து பார்க்க அதுதான் சிறந்தது.

மேற்குத் தாளில் அடையாளம் சொல்ல முடியாத மேடுகள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. கணக்கில் இரண்டு விளிம்புகள் மிக அருகருகே வருவதால், படத்தில் இருப்பது எது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவற்றுக்குப் பெயர் போடாமல், திசைக்கோணத்தை மட்டும் எழுதி, கோப்பில் தனிப் பட்டியலாக வைத்திருக்கிறேன். அந்தப் பகுதிக்கு ஒரு மீட்டர் நுணுக்கத்தில் லைடார் தரவு (லேசர் ஒளியால் அளந்த நில உயரம்) இருக்கும் இடங்களை எடுத்து, அதே நிரலை மறுபடி ஓட்டுவதுதான் அடுத்த வேலை.